“இது பென் டிரைவா, இன்னாம்மா?” – வேப் பற்றி வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

பொதட்டூர்பேட்டையில் ஒரு தெருவுக்குள் நுழைந்தாலே காதில் முதலில் விழுவது பவர்லூம் சத்தம்தான். ஒரு முகாம் பற்றிய செய்திக்காகப் போயிருந்தேன். மனு கொடுக்க வரிசையில் நின்ற ஒரு அம்மா, நான் நோட்டுப் புத்தகமும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஓரமாகக் கூப்பிட்டார். முந்தானையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்துக் காட்டினார். விரல் நீளம், இளஞ்சிவப்பு நிறம், ஒரு முனையில் ஓட்டை, மாம்பழ மிட்டாய் வாசனை.

“பையன் பையில இருந்துச்சி. இது பென் டிரைவா, இன்னாம்மா?”

பையன் திருத்தணியிலிருந்து தினமும் ரயில் ஏறி சென்னைக்குப் போய் காலேஜ் படிக்கிறான். கேட்டதற்கு, “சிகரெட் இல்லம்மா, வெறும் ஆவி. ஃப்ளேவர்தான்” என்றானாம். அந்த அம்மாவுக்கு அது வேப் என்று சொன்னேன். அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போது சரியாகப் பதில் தெரியவில்லை. “டாக்டர்கிட்ட இதச் சொன்னா போலீஸ் கேஸாயிடுமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ‘பென் டிரைவ்’ கிடைத்தால் பயன்படும்.

உள்ளே என்ன இருக்கு?

வேப், இ-சிகரெட், பாட் என்று பல பெயர்கள். பேனா மாதிரி, பென் டிரைவ் மாதிரி, ஹைலைட்டர் மாதிரி எல்லாம் வருகிறது. எந்த வடிவமாக இருந்தாலும் உள்ளே வேலை செய்வது ஒரே முறைதான். ஒரு லித்தியம் பேட்டரி, சூடாகும் ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி திரவத்தில் ஊறிய பஞ்சு. நம்ம விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்க, கிட்டத்தட்ட அதேதான். நெருப்புக்குப் பதில் கம்பி சுடுகிறது. வாயில் வைத்து இழுத்ததும் பேட்டரி கம்பியைச் சூடாக்கும், திரவம் புகை போல மேலே வரும்.

‘வெறும் ஆவி’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இட்லி குண்டானில் வருகிற ஆவி தண்ணீர் மட்டும்தான். வேப் புகை அப்படி இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய ரசாயனத் துளிகளின் கூட்டம். அந்தத் திரவத்தில் ப்ரொபிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிகோடின் இருக்கும்.

கிளிசரின் கேக்கிலும் இருக்கு, முகத்துக்குப் பூசும் கிரீமிலும் இருக்கு. அப்புறம் என்ன ஆபத்து? நல்ல கேள்வி. தோலில் பூசுவதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்று, சுட வைத்து நுரையீரலுக்குள் இழுப்பது வேறொன்று. வாணலியில் எண்ணெய் கருகும்போது கண் எரியும், தொண்டை கமறும் இல்லையா? அந்த எரிச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம் அக்ரோலின் என்ற வேதிப்பொருள். எண்ணெயில் இருக்கும் கிளிசரின் பகுதி அதிகச் சூட்டில் உடைந்துதான் அது உண்டாகிறது. வேப்பில் கம்பி அதிகமாகச் சூடாகும்போது, பஞ்சு காய்ந்துபோகும்போது இதே அக்ரோலின் உண்டாகும். ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள்.

கம்பிச் சுருளிலிருந்து உலோகமும் கசியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வேப் பிடிப்பவர்களின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தில் ஈயம், நிக்கல், குரோமியம் மிகக் குறைவு. அதே திரவம் கம்பியில் பட்டுப் புகையாக வந்தபோது அளவு கூடியிருந்தது.

நுரையீரலில் காற்றுப் பைகள் 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால்தான் ஆக்சிஜன் ரத்தத்தில் சட்டென்று கலக்கிறது. கெட்டதும் அதே வழியில் அதே வேகத்தில்தான் உள்ளே போகும். வேப் பிடிப்பவர்களிடம் இருமல், இழுப்பு, மூச்சுக்குழாய் வீக்கம், ஆஸ்துமா மோசமாவது போன்றவை ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன.

பொதட்டூர்பேட்டை மாதிரி நெசவு ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கு. பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். தூசியோடு புகைப் பழக்கமும் சேர்ந்தால் பாதிப்பு கூடும் என்பது மருத்துவ உலகம் பல காலமாகச் சொல்வது. அப்பா தறியில் இருமுகிறார் என்றுதானே பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புகிறோம்.

நிகோடின்தான் கொக்கி

நெஞ்சு பாதிப்பை விட எனக்குப் பெரிதாகப் படுவது நிகோடின். புகையை இழுத்த சில நொடிகளில் அது மூளைக்குப் போய்ச் சேரும். மூளை அதற்குப் பழகிவிட்டால், கிடைக்காத நேரத்தில் எரிச்சல், கவனமின்மை, தூக்கமின்மை. “பையன் இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் சிடுசிடுங்கிறான்” என்று அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லா சிடுசிடுப்புக்கும் இது காரணம் ஆகாதுதான், ஆனாலும்.

மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கவனம், அவசரப்படாமல் முடிவெடுப்பது ஆகியவற்றுக்கான பகுதி கடைசியாகத்தான் முழுமையடையும். அதற்கு முன்னால் நிகோடின் பழகினால் பிடி இறுக்கமாக இருக்கும். நிகோடின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட ஏற்றும்.

சிகரெட்டை முதல் முறை இழுத்தவர் இருமித் தள்ளிவிடுவார். அந்த இருமல் ஒரு தடுப்புச் சுவர். புதிய வேப்களில் நிகோடினை உப்பு வடிவத்தில் கலக்கிறார்கள், அது தொண்டையில் உறுத்தாது. மேலே மாம்பழம், தர்பூசணி, புதினா வாசனை. தடுப்புச் சுவர் போய்விட்டது! அமெரிக்காவில் 2015-ல் வந்த ஜூல் என்ற கருவியின் ஒரு பாட்டில் இருந்த நிகோடின், ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட்டுக்குச் சமம் என்று அந்த நிறுவனமே சொன்னது. 2019-ல் அந்த நாட்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர், கடந்த 30 நாளில் இ-சிகரெட் பிடித்ததாக அரசு நடத்திய கணக்கெடுப்பில் சொன்னார்கள். நாலு பேரில் ஒருவருக்கும் மேல். அதில் பலர் அதற்கு முன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

சிகரெட்டுக்கு ‘எத்தனை’ என்று ஒரு கணக்கு இருக்கும். ஒன்று எரிந்து தீர்ந்தால் முடிந்தது. வேப்பில் அந்தக் கணக்கே கிடையாது. கழிவறையில் ரெண்டு இழுப்பு, போர்வைக்குள் நாலு இழுப்பு. எவ்வளவு உள்ளே போனது என்று பிடிக்கிறவருக்கே தெரியாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது, எங்கே நிற்கிறது?

2019-ல் அமெரிக்காவில் ஒரு அலை அடித்தது. நல்லா இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். 2020 பிப்ரவரி 18 வரையிலான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்திருந்தார்கள். முக்கியக் குற்றவாளி வைட்டமின் ஈ அசிடேட். கஞ்சாச் சத்து கலந்த வேப் திரவத்தைக் கெட்டியாக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய் அது. 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது, நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரிடமும் இல்லை.

அப்படியென்றால் சாதாரண வேப் பிடிப்பவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று வாதாடலாம். வாதம் சரிதான், ஒரு இடம் தவிர. நம்ம ஊரில் தடை செய்யப்பட்ட பொருள் கூரியரில் வருகிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யார் சோதித்தார்கள்? மேல் அட்டையில் அச்சடித்திருப்பதை நம்புவதைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லை.

‘இங்கிலாந்தில் டாக்டர்களே வேப் பிடிக்கச் சொல்றாங்க’ என்று ஒரு ரீல் உங்களுக்கும் வந்திருக்கும். அதில் பாதி உண்மை இருக்கு. அதை மறைத்துவிட்டு எழுதினால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள். பல வருடமாக சிகரெட் பிடித்த பெரியவர்கள் அதை முழுதாக விட்டுவிட்டு இ-சிகரெட்டுக்கு மாறினால் நச்சுப் பொருட்களின் அளவு குறைகிறது. சிகரெட்டை விடுவதற்கு நிகோடின் சூயிங்கம்மை விட இது கூடுதலாக உதவுகிறது என்று காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பும் சொல்கிறது. இங்கிலாந்து சிகரெட் பிடிப்பவர்களுக்காகவே அதை அனுமதிக்கிறது. ரீலில் சொல்லாத மீதிப் பாதி இது: புகைப் பழக்கமே இல்லாதவர்களும் பிள்ளைகளும் இதைத் தொடவே கூடாது என்று அதே நாடு சொல்கிறது. ஒருமுறை பிடித்துத் தூக்கி எறியும் வேப்களின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடையும் செய்துவிட்டது. சிகரெட்டே பிடிக்காத காலேஜ் பையனுக்கு இதில் லாபம் என்று ஒன்றுமே இல்லை.

புற்றுநோய் வருமா? இதற்கு விஞ்ஞானம் இன்னும் கடைசி வார்த்தை சொல்லவில்லை. இப்போதைய வடிவ இ-சிகரெட்டை சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளர் உருவாக்கியதே 2003-ல்தான். சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயும் தொடர்புடையவை என்று ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் தங்கள் ஆய்வை வெளியிட்டது 1950-ல். அதற்குள் இரண்டு தலைமுறை சிகரெட் பிடித்து முடித்திருந்தது. ‘இன்னும் நிரூபிக்கப்படவில்லை’ என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று படித்துவிடாதீங்க.

சட்டம்: யாருக்கு, என்ன தண்டனை?

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்துவிட்டது. அந்தத் தடை மாநில எல்லைக்குள்தான். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஆந்திர எல்லை எவ்வளவு தூரம் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்க, சிரிப்பார்கள். 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெள்ளை அறிக்கை வெளியிட்டு முழுத் தடையைப் பரிந்துரைத்தது. 2019 செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் சட்டமானது. ஆகவே இப்போது நகரியில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் ஒரே சட்டம்தான்.

தயாரிப்பது, இறக்குமதி, கொண்டு செல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கு சேமித்து வைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்கணும். ‘நான் விக்கலையே, ஃப்ரெண்ட்ஸுக்குத்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்பது தப்பிக்கிற வழி இல்லை. இலவசமாகச் சாம்பிள் கொடுப்பதையும் இந்தச் சட்டம் ‘விநியோகம்’ என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. பத்து பேருக்குச் சேர்த்து ஆர்டர் போட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஸ்டாக் வந்தாச்சு’ என்று ஸ்டேட்டஸ் வைக்கிற பையன் தன்னை வியாபாரி என்று நினைப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அவன் விற்பனையும் செய்கிறான், விளம்பரமும் செய்கிறான்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே வைத்திருப்பதும் பிடிப்பதும் கூட குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் நடவடிக்கை இன்னும் கடுமையாகியிருக்கிறது, பிடிபட்ட பெரியவருக்கு முதல் முறையே 700 சிங்கப்பூர் டாலர் அபராதம். திரும்பத் திரும்ப மாட்டுகிற வெளிநாட்டவரின் வேலை அனுமதியே போகலாம்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ‘இ-சிகரெட் பிடித்தால் இன்ன தண்டனை’ என்று 2019 சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. ஆனால் எந்த வடிவில், எந்த அளவில் வைத்திருந்தாலும் அது இந்தச் சட்டத்தை மீறுவதுதான் என்று ஒன்றிய சுகாதாரத் துறை 2023-ல் விளக்கம் தந்திருக்கிறது. அதனால் ‘பிடிக்கிறது தப்பில்ல, விக்கிறதுதான் தப்பு’ என்று அலட்சியமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். அதே நேரம், நிகோடின் பழக்கத்திலிருந்து வெளியே வர உதவி கேட்டு வருகிறவரை டாக்டர் போலீஸில் சொல்லியாக வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. தயங்காமல் மருத்துவமனைக்குப் போகலாம்.

‘பெட்டிக்கடையில பீடி சிகரெட் தொங்குதே, இதுக்கு மட்டும் எதுக்குத் தடை?’ என்று இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2016-17-ல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், நாட்டில் 28.6 சதவீதம் பெரியவர்களும் தமிழ்நாட்டில் 20 சதவீதம் பெரியவர்களும் ஏதோ ஒரு புகையிலைப் பொருள் பயன்படுத்தினார்கள். இ-சிகரெட் பிடித்தவர்கள் நாட்டில் 0.02 சதவீதம் மட்டுமே. ஊன்றிப்போன பழக்கத்தைப் பிடுங்குவதற்கும் முளையிலேயே கிள்ளுவதற்கும் வித்தியாசம் இருக்கு, தடையின் கணக்கு அதுதான். பீடியும் சிகரெட்டும் வேப்பை விட நல்லது என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். எரியும் புகையிலை இன்னும் மோசம்.

வீட்டில் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில் அடிக்காதீங்க, ஊரைக் கூட்டாதீங்க. அடித்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பான், அவ்வளவுதான். எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, காலையில் எழுந்ததும் தேடுகிறானா என்று நிதானமாகக் கேளுங்க. எழுந்த அரை மணி நேரத்துக்குள் அது வேண்டும் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ‘மனசு வச்சா விட்டுடலாம்’ என்ற அறிவுரை மட்டும் போதாது.

1800-11-2356. இது புகையிலைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய இலவச உதவி எண், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணிலும் கேட்கலாம். அம்மாவோ அப்பாவோ கூட முதலில் கூப்பிட்டு, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம், தப்பில்லை. நேரில் போக வேண்டுமென்றால் திருத்தணி அரசு மருத்துவமனையில் தொடங்குங்க. சென்னைக்குத் தினமும் போய் வருகிறவர்களுக்கு அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கு, 2002-ல் நாட்டில் முதலில் தொடங்கிய புகையிலைப் பழக்க மீட்பு மையங்களில் அதுவும் ஒன்று.

நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். 2 மில்லிகிராம் வரை டாக்டர் சீட்டு தேவையில்லை, 18 வயதுக்குக் கீழ் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாக்கில் சுரீரென்று காரம் தெரியும் வரை மென்று, கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி வைக்கணும். காரம் போனதும் மறுபடி மெல்லணும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, காபி வேண்டாம், வாயில் மருந்து சரியாக இறங்காது.

விட்ட முதல் மூன்று நாலு நாள்தான் ரொம்ப மோசம். தலைவலி, கோபம், எதிலும் மனசு நிற்காது. மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாட்களில் பரீட்சை இல்லாதபடி பார்த்துக்கொண்டால் நல்லது. நடுவில் ஒரு நாள் வழுக்கினால் மொத்தமும் போச்சு என்று கைவிட வேண்டாம், பலரும் இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகுதான் விடுகிறார்கள்.

விற்பவர் யார் என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் சொல்லலாம். சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலுள்ள அதிகாரிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். ஆன்லைன் விற்பனை என்றால் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒன்றிய சுகாதாரத் துறை 2023-ல் தொடங்கிய புகார் இணையதளத்தில் பதிவேற்றலாம். பள்ளி வாசல் பக்கம் விற்பனை நடக்கிறது என்றால் தலைமை ஆசிரியர் காதிலும் போடுங்க.

கையில் இருக்கும் கருவியை அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போட்டுவிடாதீங்க, உள்ளே இருக்கும் பேட்டரி வெடிக்கும். மாம்பழ வாசனை வருகிற அந்தத் திரவத்தைச் சின்னக் குழந்தை வாயில் வைத்தால் நிகோடின் விஷமாகிவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

பொதட்டூர்பேட்டை அம்மாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். டாக்டர் கேஸ் போட மாட்டார் என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அப்புறம், “அந்த நம்பர மறுபடி சொல்லும்மா” என்றார். பின்னால் தறிச் சத்தம். சுவரில் கரியால் எழுதிக்கொள்கிறார் போலிருக்கு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னார்.